தொழுகை இல்லாத நாட்கள்

முப்பத்து நான்கு வயதில் என் கர்ப்பப்பையை எடுப்பதற்கு ஒரு வியாழக்கிழமையைக் குறித்தார்கள். குறித்தது செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம். அவர்கள் என்னை ஏமாற்றவில்லை, தங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். பெரிய டாக்டரம்மா சொன்ன விதம்தான் இன்னும் காதிலேயே இருக்கிறது. "எடுத்துடலாம்மா. ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, இனிமே அது சும்மாதானே இருக்கு" என்றார். சும்மா இருக்கிற சாமானை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்ற கொள்கை உள்ளவர் போலிருக்கிறது. நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, மருந்து வாங்கும் வரிசையில் நின்றுகொண்டு அழுதேன்.

கூட வந்திருந்தது என் மாமி, அதாவது என் வீட்டுக்காரர் ஜாபரின் அம்மா. மாமிக்கு முப்பத்து மூன்று வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். இப்போது வயது ஐம்பத்து நான்கு. அவர் என் தோளைத் தட்டி, "இன்னாத்துக்கு அழுவுற நசீமா. நான் எடுக்கல? நல்லாத்தானே கீறேன்" என்றார். நல்லாத்தான் இருக்கிறார் என்று நானும் நினைத்தேன். பதினோரு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அப்படித்தான் நினைத்தேன்.

என் வலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் மாதவிடாய் என்ற சொல்லே புழங்காது. "தொழுகை இல்லை" என்போம். அதைச் சொன்னால் பெண்களுக்குப் புரிந்துவிடும், ஆண்கள் புரிந்தும் புரியாத மாதிரி போய்விடுவார்கள். அந்த நாட்களில் பெண்களுக்குத் தொழுகை கடமையில்லை. எனக்குத் தொழுகை இல்லாத நாள் என்றால் எதுவுமே இல்லாத நாள். முதல் நாள் காலையில் இடுப்பில் ஆரம்பித்து, தொடை வழியாக இறங்கி, ஒரு மணி நேரத்தில் வாந்தி வந்துவிடும். குளியலறைத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொள்வேன். சில மாதங்கள் கண் இருட்டிக்கொண்டு வரும். வலி போன பிறகு அடுத்த வலிக்காகக் காத்திருப்பேன். நாலு நாள் வலி, இருபத்தாறு நாள் பயம் என்று என் மாதம் பிரிந்திருந்தது.

நாங்கள் கோவளத்தில் குடியிருக்கிறோம். ஜாபருக்குத் திருவிடந்தையில் சாலையோரம் ஒரு பேக்கரி. டீயும் பப்ஸும் பன்னும் விற்கும் கடைதான், பெயர்ப்பலகையில் பேக்கரி. காலை ஏழு மணியிலிருந்து மதியம் மூன்று வரை கல்லாவில் நான் நிற்பேன். அந்தக் கடையில் கழிப்பறை கிடையாது. ஆண்களுக்குச் சவுக்குத்தோப்பு இருக்கிறது. நான் தண்ணீர் குடிக்காமல் இருந்து சமாளித்துக்கொள்வேன். இதை ஒரு குறையாக நான் யாரிடமும் சொன்னதில்லை, எனக்கே அது குறையாகத் தெரியவில்லை.

டாக்டர்கள் பார்க்காமல் இல்லை. வயிற்றின் மேல் கருவியை வைத்து ஒரு ஸ்கேன், கீழ்வழியாகச் சின்னக் கருவியை உள்ளே வைத்து இன்னொரு ஸ்கேன். கர்ப்பப்பையின் சுவர் கொஞ்சம் தடித்திருக்கிறது, அதனால் வலி வரலாம் என்றார்கள். வலி மாத்திரை, பிறகு ஹார்மோன் மாத்திரை. ஹார்மோன் மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, நாளெல்லாம் தலைவலி. அதற்குப் பிறகுதான் அந்த "எடுத்துடலாம்" வந்தது.

ஆபரேஷனுக்கு முன்னால் உடம்பு தாங்குமா என்று பார்க்க அதே ஆஸ்பத்திரியில் இன்னொரு டாக்டரிடம் அனுப்பினார்கள். சின்ன வயதுப் பெண். அவர் கையுறை போட்டுக்கொண்டு கீழ்வழியாகத் தொட்டதும் நான் கட்டிலை விட்டு ஒரு சாண் எழும்பிவிட்டேன். அவர் உடனே கையை எடுத்துவிட்டார். "இந்த வலி கர்ப்பப்பையில மட்டும் இல்ல. கீழ இருக்கிற தசையெல்லாம் இறுகிப் போயிருக்கு. அதை எடுத்தா இது போயிடும்னு என்னால சொல்ல முடியல" என்றார். ஆபரேஷன் எங்கேயும் ஓடிவிடாது, முதலில் மூன்று மாதம் இடுப்புத்தளத் தசைக்கான பிசியோதெரபி செய்து பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

இடுப்புத்தளம் என்றால் என்ன என்று எனக்கும் அன்றுதான் தெரியும். இடுப்பெலும்புக்கு அடியில் முன்னாலிருந்து பின்னால்வரை விரிந்திருக்கும் தசைகள் அவை. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்கிக்கொண்டிருக்கின்றன, கயிற்றுக் கட்டிலின் பின்னல் மாதிரி. பின்னல் தொய்ந்து போகும் என்று எல்லோருக்கும் தெரியும். அளவுக்கு மீறி இறுகியும் போகுமாம். வலி வரப்போகிறது என்ற பயத்தில் உடம்பு அந்தத் தசைகளை இறுக்கும். இறுகிய தசை தானே வலிக்கும். அந்த வலிக்குப் பயந்து இன்னும் இறுகும்.

ஜாபருக்கு இது பிடிக்கவில்லை. அவர் கெட்டவரில்லை, என்னைத் தரையில் பார்க்கிற ஒவ்வொரு முறையும் அவர் முகம் வெளிறிப்போகும். சீக்கிரம் முடியட்டும் என்று நினைத்தார். "பெரிய டாக்டரே எடுக்கணும்னு சொல்றாங்க. நீ இன்னான்னா எக்ஸர்சைஸ்னுகினு கீற" என்றார். மூன்று மாதம், அதற்குள் சரியாகவில்லை என்றால் பேசாமல் ஆபரேஷனுக்குப் படுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. மாமி என்னோடு பஸ்ஸில் வருவதாக மட்டும் சொன்னார்.

கோவளத்திலிருந்து மாமல்லபுரம், அங்கே இறங்கிச் செங்கல்பட்டு பஸ். வாரம் ஒரு நாள் மாமியும் நானும் போனோம். அதே ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிஸ்ட் பெயர் தேன்மொழி. அணுபுரத்திலிருந்து வருகிறவர், என்னைவிட நாலைந்து வயது சின்னவர். முதல் நாள் அவர் தொடவே இல்லை. கேள்வியாகக் கேட்டார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒன்றுக்குப் போவீர்கள் என்று கேட்டபோது, வேலை நேரத்தில் போவதில்லை என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எட்டு மணி நேரம் ஒரு தசையை இறுக்கிப் பிடித்தால் அது இறுக்கத்தை மட்டுமே கற்றுக்கொள்ளும் என்றார். மறுநாளே கடைக்குப் பக்கத்து வீட்டில் பேசி, அவர்கள் கழிப்பறைக்குப் போய்வர ஏற்பாடு செய்துகொண்டேன். பதினோரு வருடம் கேட்காமல் இருந்ததற்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

இரண்டாவது வாரம் உள்ளே விரல் வைத்துப் பார்த்தார். முன்கூட்டியே சொல்லி, சம்மதம் கேட்டு, வேண்டாம் என்றால் அந்த நொடியே நிறுத்திவிடுகிறேன் என்று சொல்லித்தான் செய்தார். இடது பக்கம் ஒரு இடத்தை அழுத்தியதும் எனக்கு அந்த முதல் நாள் வலி அப்படியே வந்தது. அன்று எனக்கு மாதவிடாய் இல்லை. ஆனாலும் அதே வலி, அதே தொடை, அதே குமட்டல். "விடுங்க நசீமா, விடுங்க" என்று அவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். எதை விட வேண்டும் என்றே எனக்குத் தெரியவில்லை. நான் எதையும் பிடித்திருப்பதாகவே எனக்குத் தெரியாது.

வீட்டில் செய்ய இரண்டு பயிற்சி. ஒன்று மூச்சு: வயிறு விரியும்படி இழுத்து, கீழே எல்லாம் தளரும்படி விடுவது. இன்னொன்று மண்டியிட்டு, முட்டிகளை அகட்டி, முன்னால் குனிந்து நெற்றியைத் தரையில் வைத்து, அப்படியே பத்து நிமிடம் மூச்சு விடுவது. அவர் பாயில் செய்து காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அது ஏறக்குறைய ஸஜ்தா. தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்கும் அந்த இருப்பில் தினமும் எத்தனையோ முறை இருக்கிறவள் நான். எனக்கா சொல்லித்தர வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் மாதம் வலி முன்பைப் போலவே வந்தது. ஜாபர் ஒரு விரலை மடக்கினார்.

இரண்டாவது மாதம் அதைவிட மோசம். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்காக ஜாபர் பள்ளிவாசல் போயிருந்த நேரம். டீ குடிக்க வந்த ஒருவருக்குப் பன் எடுக்கத் திரும்பினேன், அவ்வளவுதான் நினைவிருக்கிறது. விழும்போது கண்ணாடிப் பெட்டியின் விளிம்பு நெற்றியில் பட்டு மூன்று தையல். டீ குடிக்க வந்தவரே தன் வேனில் ஏற்றி, வழியில் ஜாபரையும் மாமியையும் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டில் சேர்த்தார். அவர் பெயரைக் கேட்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

நான்கு நாள் வார்டில் இருந்தேன். வலி ஊசி, டிரிப்ஸ், மறுபடி ரத்தப் பரிசோதனை. அந்த வார்டில் ஆறு கட்டில், அதில் மூன்று கட்டிலில் கர்ப்பப்பை எடுத்தவர்கள். எனக்குப் பக்கத்தில் திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருவர், நாற்பது வயது இருக்கும். அவர் என்னிடம் பேசவே இல்லை. வயிற்றின் மேல் ஒரு கையை வைத்து, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்பது போல விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

பெரிய டாக்டரம்மா திங்கட்கிழமை வந்தார். இந்த வியாழனே செய்துவிடலாம் என்றார். நர்ஸ் சம்மதப் படிவத்தைக் கொண்டுவந்து கட்டிலின் கால்பக்கம் வைத்தார். நோயாளி கையெழுத்து, உறவினர் கையெழுத்து. ஜாபர் பேனாவை எடுத்துவிட்டார். எனக்கு எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. எனக்கு ஒரே பயம்தான். எடுத்த பிறகும் வலி வந்தால்? அப்போது எடுப்பதற்கு என்னிடம் வேறு என்ன இருக்கும்? இதைச் சொன்னால் அபசகுனம் மாதிரி இருக்கும் என்று சொல்லவில்லை.

தேன்மொழி அந்த நேரத்தில்தான் வந்தார். பயிற்சி அட்டையைக் கேட்டார். எல்லா நாளும் நான் டிக் போட்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலை வலி ஆரம்பித்தபோது குனிந்து படுக்கும் பயிற்சியை எவ்வளவு நேரம் செய்தீர்கள் என்று கேட்டார்.

நான் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். அவர் மறுபடி கேட்டார்.

"அன்னிக்கி எனக்குத் தொழுகை இல்ல" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. மாமிக்குப் புரிந்துவிட்டது. "அடிப்பாவி" என்றார்.

அந்தச் சொல்லின் அர்த்தத்தை மாமிதான் விளக்கிச் சொன்னார், மீதியை நானே ஒப்புக்கொண்டேன். நான் மற்ற நாட்களில் ஒழுங்காகச் செய்தேன், தொழுகையோடு சேர்த்துக் கூடுதலாகவே செய்தேன். தொழுகை இல்லாத நாட்களில் மட்டும் செய்யவில்லை. இரண்டு மாதமும் அந்த நாட்களுக்குப் பொய் டிக் போட்டேன். மார்க்கம் தடுத்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். உடற்பயிற்சி வேறு, தொழுகை வேறு என்று எனக்குத் தெரியும், கேட்டிருந்தால் யாரும் தெளிவாகச் சொல்லியிருப்பார்கள். தடுத்தது நான்தான். சின்ன வயதிலிருந்து அந்த நாட்களில் தொழுகை விரிப்பிலிருந்து தள்ளியே இருந்து பழகிய உடம்பு, நெற்றியைத் தரைக்குக் கொண்டுபோகக் கூசியது. பாதி குனிந்துவிட்டு எழுந்துகொள்வேன். வலி எந்த நாட்களில் வருகிறதோ அந்த நாட்களில் மட்டும் மருந்தை விட்டுவிட்டேன்.

தேன்மொழி கோபப்படவில்லை. "அந்த நாலு நாளுக்காகத்தான் மத்த இருபத்தாறு நாளும் பழகச் சொன்னேன்" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மாமி வார்டை ஒரு சுற்றுப் பார்த்தார். ஜன்னல் எந்தப் பக்கம், வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு, என் தலையணையை எடுத்துக் கட்டிலின் குறுக்கே போட்டார்.

"மேக்கால கிப்லா, தொழுவுற தெச. அந்தாண்ட தல வேணாம். காலும் நீட்டக்கூடாது, அதனால கெழக்கும் வேணாம். வடக்கு மையத்துக்கு, அடக்கம் பண்றப்ப அப்பிடித்தான் வெப்பாங்க. தெக்கால குனிஞ்சிக்க. இது தொழுகையே இல்ல, வெறும் படுக்க. போதுமா?"

"எங்க வீட்லயும் வடக்க தலை வெக்க விடமாட்டாங்க" என்றார் தேன்மொழி. இரண்டு பேரும் ஒரே முகத்தோடு என்னைப் பார்த்தார்கள். நெற்றியில் தையலோடு, கையில் டிரிப்ஸ் ஊசியோடு, தலையணையைக் கட்டிப்பிடித்துத் தெற்குப் பார்த்துக் குனிந்தேன். நெற்றிக்குப் பதில் கன்னத்தை வைத்துக்கொண்டேன். தேன்மொழி என் இடுப்பில் கை வைத்து மூச்சை எண்ணினார். நாலைந்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு அடியில் ஏதோ ஒரு முடிச்சு கொஞ்சம் இறங்கியது. வலி போகவில்லை. ஆனால் அது முழுக்க ஒரே வலி இல்லை என்று முதல்முறையாகத் தெரிந்தது. அதில் ஒரு பகுதி நான் பிடித்துக்கொண்டிருந்தது.

ஜாபர் பேனாவோடு நின்றுகொண்டிருந்தார். அவரிடம் மாமி சொன்னது எனக்கு அன்றைக்கு ஆச்சரியம்.

"கையெழுத்து போடாத. இன்னும் ஒரு மாசம் போவட்டும்."

"நீதானம்மா எடுக்கச் சொன்ன?"

"நான்தான் சொன்னேன். இப்ப நான்தான் வேணான்றேன்" என்றார். படிவத்தை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். அன்று பெரிய டாக்டரம்மாவிடமும் அவரே போய்ப் பேசினார். என்ன பேசினார் என்று எனக்குச் சொல்லவில்லை. மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மூன்றாவது மாதம் வந்தது. அது வரும் வாரம் முழுக்க வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. பிள்ளைகள்கூட டிவியின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள். முதல் நாள் காலை வலி ஆரம்பித்ததும் மாமி அறைக்கு வந்து கதவைச் சாத்தி, தெற்குப் பார்த்துப் பாயை விரித்தார். சுடுதண்ணீர்ப் பையை என் இடுப்பில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். வலித்தது. நன்றாகவே வலித்தது, மாத்திரையும் போட்டேன். ஆனால் வாந்தி வரவில்லை. மதியம் நானே எழுந்துபோய் ரசஞ்சோறு சாப்பிட்டேன். ஜாபர் என் எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான்காவது மாதம் இன்னும் கொஞ்சம் குறைந்தது. ஐந்தாவது மாதம் திரும்பவும் ஏறியது, ஒரு நாள் முழுக்கப் படுத்தேன். இது குணமாகிவிட்ட கதை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. கர்ப்பப்பைச் சுவர் தடித்தது தடித்ததுதான், அதற்குத் தனியாக மருத்துவம் பார்க்கிறேன், மேற்கொண்டு எப்போது எதைச் சொல்வார்கள் என்று தெரியாது. இன்றைக்கு என்னுடையது என்னிடம் இருக்கிறது.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் போன வாரம் நடந்தது.

தேன்மொழியின் மேசையில் இடுப்பெலும்பின் மாதிரி ஒன்று புதிதாக வந்திருந்தது. வெள்ளை எலும்பு, சிவப்பு ரப்பர் தசைகள், நடுவில் இளஞ்சிவப்பில் கர்ப்பப்பை. தனியாகக் கழற்றலாம். எனக்கு விளக்கிக் காட்டுவதற்காக அதைக் கழற்றி எடுத்தார். "பாருங்க, இதை எடுத்தாலும் இந்தத் தசையெல்லாம் இங்கயேதான் இருக்கும். இறுக்கமா இருந்தா இறுக்கமாவேதான் இருக்கும். வலியும் இருக்கும்" என்றார்.

மாமி கை நீட்டி அந்தத் துண்டை வாங்கிக்கொண்டார். உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார்.

"எத்தன வருசமானாலும் இருக்குமாம்மா?" என்று கேட்டார்.

தேன்மொழி ஆமாம் என்று தலையசைத்தார். பிறகு நிமிர்ந்து மாமியைப் பார்த்தார்.

"எனக்குக் கீது" என்றார் மாமி. "இருவத்தோரு வருசமா கீது. ஒக்காந்தா வலி, ஒண்ணுக்குப் போனா வலி. எடுத்து ஆறு மாசத்துல போய்ச் சொன்னேன், அதான் எடுத்தாச்சே இன்னும் இன்னா வலின்னாங்க. இவுங்க மாமாவும் அதத்தான் கேட்டாரு. அப்பறம் யாராண்டயும் சொல்லல. எனக்குத்தான் அப்பிடி ஆயிப்போச்சு, இவளுக்காச்சும் போவும்னு எடுக்கச் சொன்னேன். அன்னிக்கி அந்தக் கட்டில்ல இவ குனிஞ்சத பாத்தப்பதான் சந்தேகம் வந்துது."

நான் மாமியின் கையைப் பிடித்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தேன்மொழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் குரலில் கோபமில்லை, ஒரு விவரம் தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டார்.

"அப்ப என்னுத எதுக்கும்மா எடுத்தாங்க?"